மடக்கு சார்

மடக்கு சார் தன் பால்கனியைப் பார்க்கக் கூப்பிட்டால் அடுப்பில் எதையும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். இடம் என்னவோ 9-க்கு 4, மொத்தம் 36 சதுர அடிதான். ஆனால் அங்கே இருக்கும் எந்தச் சாமானும் ஒரே சாமான் இல்லை. பெஞ்சு என்று நம்பி உட்காரப் போனால், "இருங்க தம்பி, அது பெட்டி" என்று மூடியைத் தூக்குவார். உள்ளே பூவாளி, மண்புழு உரம், மழைக்கோட்டு, கொலு பொம்மைகளில் பாதி. சுவரில் ஏதோ சட்டம் போட்ட ஓவியம் என்று கிட்டப் போனால் அது மேசை. கொக்கியை நீக்கியதும் 'டக்' என்று விழுந்து நிற்கும். கைப்பிடிக் கம்பியில் மாட்டிய பலகை இப்படிப் போட்டால் டம்ளர் வைக்க, திருப்பிப் போட்டால் பூந்தொட்டி வைக்க.

ஒரு பொருள் ஒரு வேலையோடு நின்றுவிட்டால் அவருக்கு ஆகாது. "நாற்காலின்னா உக்கார மட்டும்தானா? சென்னைல சதுர அடி என்ன விலை போகுது தெரியுமா?" என்பார், அதை நான்தான் ஏற்றிவிட்டதைப் போல.

எல்லாம் மடங்கும் என்பது உண்மைதான். ஆனால் எதையும் மற்றொன்றை மடக்காமல் விரிக்க முடியாது. மேசை இறங்க வேண்டுமென்றால் பெஞ்சு மூடி சாத்தியிருக்க வேண்டும். நாற்காலியை விரிக்கத் தொட்டிகளை ஓரம் தள்ள வேண்டும். தொட்டிகளை ஓரம் தள்ளினால் வாஷிங் மெஷின் கதவு திறக்காது. இத்தனைக்கும் மேலே, கூரையில் கப்பி வைத்து ஆறு குழாய்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட துணிக்கொடி. அதை இறக்க வேண்டுமென்றால் கீழே மேசையும் இருக்கக் கூடாது, மனுஷனும் இருக்கக் கூடாது.

ஒரு தடவை காப்பிக்குக் கூப்பிட்டார். போனேன். தொட்டிகளை உருட்டினார், மூடியைச் சாத்தினார், மேசையை இறக்கினார், நாற்காலியை விரித்தார், ஒரு கால் ஆடுகிறது என்று மறுபடி மடக்கி மறுபடி விரித்தார். காப்பியில் ஆடை கட்டிவிட்டது. ஒருவழியாக இருவரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து டம்ளரைத் தூக்கும்போது, உள்ளிருந்து அவர் வீட்டம்மா ஈரத்துணி வாளியோடு வந்து நின்றார்.

"ஏங்க, கொடியை இறக்கணும்."

அவ்வளவுதான். விரித்தது அத்தனையும் விரித்த வரிசைக்குத் தலைகீழாக மடங்கியது. காப்பியை ஹாலில் நின்றபடி குடித்தேன். இப்போதெல்லாம் அந்த அம்மாள் வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். அங்கே ஒரு நைலான் கயிறு இருக்கிறது. அதற்கு வேறு வேலை கிடையாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மேசை 'டக்' என்று விழும்போது மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டும். திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவர். பாயைச் சுருட்டினால் சாப்பாட்டு இடம், இலையை எடுத்தால் படிக்கும் இடம், ராத்திரி மறுபடி பாய். ஓர் அறையில் ஏழு பேர். அப்படி வளர்ந்தவருக்குச் சும்மா கிடக்கும் மூலையைக் கண்டால் கை பரபரக்கத்தானே செய்யும்? இன்றைக்கும் சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, அளவு டேப் இருக்கும்.

சீரியல் விளக்கு, புத்தர் தலை, 'ரிசார்ட் மாதிரி இருக்கணும்' என்ற பேச்சு, இதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளவை. விட்டுவிடுவோம்.

தரையை விட முடியாது. ஏனென்றால் அவர் தரைதான் என் கூரை. பால்கனித் தரை ஹாலைவிட ஒரு படி தாழ்ந்திருப்பது கண்ணுக்கு அழகாக இல்லை என்று கலவை போட்டு மட்டம் தூக்கினார். மேஸ்திரி அப்போதே சொன்னார்: "சார், நாலடிக்கு அரை அங்குலமாச்சும் வெளிப்பக்கம் வாட்டம் வேணும். மூலைல தண்ணி போற ஓட்டைய அடைக்காதீங்க." வாட்டம் வைத்தால் மடக்கு நாற்காலி ஆடுமாம். ஒரே மட்டமாகப் போடச் சொல்லி, ஓட்டையின் மேல் பிளாஸ்டிக் புல்லை விரித்துவிட்டார். அந்தப் புல்லில் சித்திரை வெயிலில் காலை வைக்க முடியாது. ஐப்பசியில் அதன் அடியில் தண்ணீர் நிற்கும்.

மேஸ்திரி இன்னொன்றும் சொன்னார். இந்தப் பால்கனி கீழே தூண் வைத்து நிற்பதில்லை, கட்டடத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. ஈர மண் ஒரு கன அடி கிட்டத்தட்ட 50 கிலோ வரும். அதைக் கொண்டுபோய் வெளி ஓரத்தில் வரிசையாக அடுக்கலாமா? மடக்கு சார் யோசித்தார். யோசித்து, தொட்டிகளுக்குச் சக்கரம் வைத்தார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பால்கனி கிழக்கே பார்த்தது. காற்று அடித்த மழை உள்ளே வந்து, போக வழி தெரியாமல் நின்று, தளத்தில் ஊறி என் வீட்டுக்கு வந்துவிட்டது. பூச்சு ஒரு முழத்துக்கு உப்பி விழுந்தது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அழகு அவருக்கு, வசதி அவருக்கு, கசிவு மட்டும் எனக்கு. ஒவ்வொரு ஐப்பசிக்கும் வாளி வைப்பது நான்.

கூப்பிட்டுக் காட்டினேன். வந்தார். அண்ணாந்து கறையைப் பார்த்தார். "ஈரம் மாதிரி தெரியுது" என்றார். அப்புறம் பார்வை கீழே இறங்கி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தவிர வேறெதுவும் இல்லாத என் பால்கனியில் நிலைத்தது. அப்படி ஒரு பரிதாபம் அந்தக் கண்ணில். டேப்பை இழுத்துவிட்டார்.

"தம்பி, இங்க ஒரு ஊஞ்சல் போடலாம். சங்கிலியக் கழட்டி ஸ்டாண்டுல வெச்சா இஸ்திரி மேசை."

பூச்சு வேலைக்கும் பெயிண்டுக்கும் ஆள் எழுதிக்கொடுத்த எஸ்டிமேட்டை நீட்டினேன். வாங்கி, ஓரம் ஓரமாகச் சேர்த்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதை மட்டும் இன்றுவரை விரித்துக் காட்டவில்லை.