பண்பொழி அண்ணாச்சி

மே மாதம் முடியும்வரை அண்ணாச்சி நம்மைப் போலத்தான் இருப்பார். வெயிலைத் திட்டுவார், கரண்ட் பில்லைத் திட்டுவார், லிஃப்ட் ஓடாததற்கு அசோசியேஷன் செயலாளரைத் திட்டுவார். ஜூன் பிறந்து, கேரளாவில் பருவமழை தொடங்கியது என்று டிவியின் அடியில் ஒரு வரி ஓடிவிட்டால் போதும், திட்டு நின்றுவிடும். பனியனோடு மொட்டைமாடிக்குப் போய்த் தென்மேற்கே பார்த்தபடி நிற்பார். தாம்பரத்து மாடியிலிருந்து அந்தத் திசையில் நமக்குத் தெரிவது ஒரு செல்போன் டவரும் பக்கத்து பிளாக்கின் தண்ணீர் டேங்கும்தான். அவருக்கு அதையெல்லாம் தாண்டி 600 கிலோமீட்டருக்கு அப்பால் மலை தெரியும்; மலைமேல் மேகம் இறங்குவதும் தெரியும்.

"சாரல் போட்டுட்டாம்லா!"

இன்னாரிடம் என்று கிடையாது. எதிரே வருகிறவரிடம் சொல்வார். வாட்ச்மேனிடமும் சொல்வார். வாட்ச்மேன் பீகார்க்காரர். அண்ணாச்சி வெளியே போகத்தான் ஏதோ சொல்கிறார் என்று நினைத்து, "அச்சா சார்" என்று கேட்டைத் திறந்து விடுவார்.

இப்படி ஓர் அண்ணாச்சி சென்னையில் எல்லாக் குடியிருப்பிலும் இருக்கிறார். ஒருவருக்குக் கடையம், இன்னொருவருக்கு ஆழ்வார்குறிச்சி, மற்றொருவருக்கு வாசுதேவநல்லூர். துபாய்க் கிளையில் கடையநல்லூர்க்காரரும் வடகரைக்காரரும் இருப்பார்கள். நான் சொல்லும் அண்ணாச்சிக்குப் பண்பொழி. செங்கோட்டைக்கு வடக்கே, திருமலைக் குமாரசாமி குன்றின் உச்சியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கீழே வயலும் தென்னையுமாகக் கிடக்கிற ஊர். உண்மையிலேயே அழகான ஊர்தான். அதுதான் சிக்கலே. புளுகுகிறார் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

ஊர் எது என்று கேட்டால், கேட்கிறவரைப் பார்த்துத்தான் பதில் வரும். வடநாட்டுக்காரர் என்றால் குற்றாலம். சென்னைக்காரர் என்றால் முன்பெல்லாம் திருநெல்வேலி. 2019 நவம்பர் 22-ஆம் தேதி தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. அன்றிலிருந்து திருநெல்வேலி என்ற பேச்சே இல்லை. "நாங்க தென்காசி மாவட்டம்" என்பதை, புதிதாக வீடு கட்டிக் குடிபோனவர் தோரணையில் சொல்வார். அவருடைய ரேஷன் கார்டு தாம்பரத்தில், ஓட்டு தாம்பரத்தில், ஆதார் முகவரி தாம்பரத்தில். மாவட்டம் பிரிந்ததால் அவர் வாழ்க்கையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் அன்று மாலை நான்கு தளங்களுக்கும் இனிப்பு வந்தது. திருநெல்வேலி அல்வா. "பிரிஞ்சு வந்தாச்சு, பிறகு எதுக்கு அவங்க அல்வா?" என்று கேட்டுப் பார்த்தேன். "பாகம் பிரிச்சா சம்பந்தம் விட்டுப் போயிருமா சார்?" என்றார். அந்தப் பதிலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அதே வருஷம் ஜூலையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. லாரி எப்போது வரும் என்று தெரியாமல் குடத்தை வைத்துக்கொண்டு ஜனங்கள் தெருவில் நின்ற காலம். அண்ணாச்சியும் வரிசையில் நின்றார். சும்மா நிற்கலாம் அல்லவா? "எங்கூர்ல தண்ணிய நாம தேடிப் போக வேண்டாம் சார். அதுவா மலையிலருந்து வந்து தலையில விழும்" என்று ஆரம்பித்தார். முன்னால் நின்ற அம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அன்று அண்ணாச்சி முழுதாக வீடு வந்து சேர்ந்தது குமாரசாமி புண்ணியம்.

அவருக்கு வேலை அதிகம் வைக்கிற விஷயம் அணை நீர்மட்டம். நமக்குப் பேப்பரில் தலைப்புச் செய்தி, விளையாட்டு, ராசிபலன் என்று ஒரு வரிசை உண்டு. அவர் நேராகத் தென் மாவட்ட அணைகளுக்குப் போவார். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, கடனாநதி 85, ராமநதி 84 என்று முழு மட்டமும் மனப்பாடம். பேத்தியின் பிறந்தநாளைக் கேட்டால் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். மேக்கரையில் இருக்கும் அடவிநயினார் அணை அவருடைய செல்லப்பிள்ளை, 132 அடி. அதற்கடுத்த பிரியம் குண்டாறு. செங்கோட்டைப் பக்கத்துச் சின்ன அணை, மொத்த உயரமே 36.10 அடி. சீசனில் நாலு நாள் நன்றாகப் பெய்தால் நிரம்பி வழிந்துவிடும். அது நிரம்பிய செய்தி வந்த அன்று லிஃப்டில் எல்லோருக்கும் அறிவிப்பு உண்டு. "மேட்டூர் 120 அடி இருக்கே அண்ணாச்சி" என்றார் ஒரு சேலத்துக்காரர். "இருக்கட்டும் சார். நெறஞ்சிட்டா? எங்களுது நெறஞ்சிட்டு!"

செய்தித்தாள் போதாது என்று ஊருக்கு போன் வேறு. அங்கே சித்தப்பா மகன் விவசாயம் பார்க்கிறார்.

"ஏ தம்பி, அருவியில தண்ணி எப்படி விழுது?"

"நா எங்கண்ணே போய்ப் பாத்தேன்? இங்க கார் நடவு நடக்கு, ஆளு கிடைக்கல."

"ஐந்தருவியிலயாவது...?"

"கார்க்காரனுவ வந்து ரோட்டுல நிக்க எடமில்லண்ணே. இந்த சீசன் எப்பம் முடியும்னு இருக்கு."

போனை வைத்துவிட்டு அண்ணாச்சி நம்மிடம் சொல்வார்: "தண்ணி நல்லா விழுதாம் சார். தம்பி இப்பதான் குளிச்சிட்டு வந்தானாம்."

குளியல் அவருக்கு ஒரு தீராத துயரம். ஷவரைத் தொடவே மாட்டார். 'இது பல்லி மூத்திரம்' என்பது அவர் தீர்ப்பு. பேரருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் ஒவ்வொன்றிலும் தண்ணீர் முதுகில் எப்படி விழும் என்று, ருசி பார்த்தவர் சொல்கிற கணக்காகச் சொல்வார். பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் போலீஸ் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றிவிடும். அப்படி வெளியேற்றப்பட்டதைக்கூடப் பெருமையாகத்தான் சொல்வார். ஃபேன் வாங்கப் போன கடையில், ஐந்தாம் நம்பரில் ஓடிய ஃபேனுக்குக் கீழே நின்று, "தென்காசிக் கோயில் கோபுர வாசல்ல வந்து நில்லு தம்பி, காத்து ஆளையே தள்ளும்" என்று விற்பனைப் பையனிடம் சொன்னார். பையன் தள்ளுபடி கேட்கிறார் என்று நினைத்து இருநூறு ரூபாய் குறைத்தான். ஊர்ப்பெருமையால் அண்ணாச்சி கண்ட ரொக்க லாபம், எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பரோட்டா விஷயத்தில் அவரோடு எந்த ஓட்டலுக்கும் போகக் கூடாது. செங்கோட்டைப் பக்கத்துப் பிரானூர் பார்டரில் தின்ற நாக்கு அது. செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதிவரை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலம் பிரித்தபோது இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. எல்லை மலைக்கு அந்தண்டை போய்விட்டது; 'பார்டர்' என்கிற பெயர் மட்டும் பரோட்டாவோடு இங்கேயே தங்கிவிட்டது. சென்னை பரோட்டாவைப் பிய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சால்னாவில் ஒரு விரல் நனைத்து நக்கிவிட்டு, "மாவு ஊறல" என்பார். சப்ளையர் பாவம், முழிப்பார். அண்ணாச்சி நாலு சாப்பிட்டுவிட்டுத்தான் எழுவார், அது வேறு விஷயம்.

டிவியில் 'ரோஜா' ஓடினால் சேனலை மாற்ற முடியாது. 1992-இல் வந்த படம், நாமும் எத்தனையோ தடவை பார்த்ததுதான். தென்காசிப் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரம் வருகிற இடமெல்லாம் அவர் கதாநாயகியைப் பார்க்க மாட்டார். பின்னால் இருக்கிற வயலைப் பார்ப்பார். 'அந்நிய'னுக்காக அங்கே பாறையில் நடிகர்கள் முகத்தை வரைந்தார்கள் அல்லவா, அந்தப் பாறையில் சின்ன வயசில் ஏறி விளையாடியதாகச் சொல்கிறார். அந்த வட்டாரத்தில் எந்தப் பாறையைக் காட்டினாலும் அவர் அப்படித்தான் சொல்வார்.

கேலி செய்தாலும், மண்ணின் குணம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடினார். அதில் குறத்தி குறி சொல்ல வந்தவள். வந்த வேலையை விட்டுவிட்டு, எங்கள் மலை அப்படி, எங்கள் அருவி இப்படி என்று ஆரம்பித்துவிடுவாள். மலைவளம் சொல்வதற்கென்றே அந்தச் சிற்றிலக்கியத்தில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அவளிடமாவது நாயகி வசந்தவல்லி கேட்டாள், அதனால் சொன்னாள். நம் ஆளிடம் யார் கேட்டார்கள்?

வெள்ளைக்காரனும் இதற்கு விலக்கில்லை. வைஸ்ராய் லிட்டன் பிரபு 1877-இல் ஊட்டிக்கு வந்தார். வந்த இடத்தில் மழை, வழியெல்லாம் சேறு. மனிதர் முகம் சுளிக்கவில்லை. அது இங்கிலாந்து மழை, இங்கிலாந்துச் சேறு என்று உருகி மனைவிக்குக் கடிதம் எழுதினார். ஊட்டியின் பாதைகளில் அவர் கண்டது ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பாதைகளை. அவருடைய பரம்பரை வீடு நெப்வொர்த் இருப்பது அந்த ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில்தான். சொந்த ஜில்லாச் சேறு என்றால் வைஸ்ராய்க்கும் சந்தனம். ஆனால் அது மெட்ராஸ் ராஜதானி பஞ்சத்தில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த வருஷம். அண்ணாச்சியின் ஊர்ப்பாசத்தால் லிஃப்டில் நின்றவர்களுக்குக் காது வலித்ததைத் தவிர வேறு சேதம் இல்லை.

ஜூலையில் ஒரு நாள் பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்துவிடும். விருதுநகர்வரை தூங்குவார். ராஜபாளையம் வந்ததும் எழுந்து உட்கார்ந்து, மேல் பெர்த்காரரையும் எழுப்பி, "காத்து மாறிட்டு பாத்தியளா?" என்பார். ஏசி பெட்டி, கண்ணாடி திறக்காது, உள்ளே ஓடுவது பெரம்பூரில் செய்த காற்றோ என்னவோ. அவருக்கு மட்டும் மாறிவிடும்.

போய்ச் சேர்ந்த பிறகு நடப்பதை அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் நாள் திருமலைக் கோயில். படி ஏறிப் போய்க் கும்பிட்டால்தான் பலன் என்று ரயில் முழுக்கப் பிரசங்கம். அறுநூற்றுச் சொச்சம் படி, சின்ன வயசில் ஒரே மூச்சில் ஓடி ஏறியவராம். அடிவாரத்தில் இறங்கி முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மலைப்பாதை வழியாகக் காரில் மேலே போனார். இரண்டாம் நாள் அருவி. எண்ணெய் தேய்த்து வரிசையில் நின்று, தலையைக் கொடுத்த அஞ்சாவது நிமிஷம் விசில் ஊதிவிட்டார்கள். மூன்றாம் நாள் அவருக்கு மலையும் தெரியவில்லை, சாரலும் தெரியவில்லை. கொசு தெரிந்தது, கரண்ட் போவது தெரிந்தது, போனில் சிக்னல் ஒரு கோடு காட்டுவது தெரிந்தது. அன்று சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் பேசியதை மனைவி காதாரக் கேட்டிருக்கிறார்.

"எங்க தாம்பரத்துல எல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் போட்டாலும் இட்லி வீட்டுக்கு வந்திரும்."

டீக்கடையில் யாரும் மறுத்துப் பேசவில்லையாம். ஊர்க்காரர்களுக்கு அவர் 'மெட்ராஸ்காரர்'. போன வருஷமும் இதையேதான் சொன்னார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அங்கேயே போய் இருந்துவிடலாமே என்றால் அதற்குக் காரணம் எப்போதும் கைவசம் இருக்கும். முதலில் பிள்ளைகள் படிப்பு, பிறகு வீட்டுக் கடன், பிறகு ரிடையர்மென்ட், இப்போது பேத்தியும் முழங்கால் டாக்டரும். "அங்க வேலைவாய்ப்பு இல்ல சார், இருந்தா நான் ஏன் வாரேன்?" என்பதைத்தான் அதிகம் சொல்லிக்கொண்டிருந்தார். 2011-இல் ஸோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் போட்டது. பின்னால் அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு கலிபோர்னியாவை விட்டு அங்கேயே வந்து குடியேறினார். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த நாளிலிருந்து அண்ணாச்சி வீட்டம்மாவுக்கு வாய் கிடைத்துவிட்டது. "அமெரிக்காவுல இருந்தவரே வந்துட்டாரு. ஒங்களுக்குத் தாம்பரத்த விட்டு வர முடியலயாக்கும்?" அண்ணாச்சி அதற்குப் பதில் சொல்லாமல் அடவிநயினார் மட்டத்தை இன்னொரு தரம் பார்ப்பார்.

ஆனால் திரும்பி வருகிற மூட்டையைப் பார்க்க வேண்டும். புளியங்குடி எலுமிச்சை ஒரு பை, தேங்காய் ஒரு சாக்கு, குற்றாலத்து மங்குஸ்தான், ரம்புட்டான், ஊர் அரிசி, மோர் மிளகாய். செங்கல்பட்டு தாண்டியதுமே முழங்கால் வலி வந்துவிடும். மூட்டையை மட்டும் பிறர் தொடக் கூடாது. மறுநாள் காலையில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி மங்குஸ்தான் கொடுப்பார். வாட்ச்மேனுக்கும் இரண்டு பழம் உண்டு. தோலை எப்படி அழுத்திப் பிளக்க வேண்டும் என்று நின்று காட்டிக் கொடுத்துவிட்டு, பல் பட்டதும் அவர் முகம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். மற்றவர்கள் ஊருக்குப் போய் வந்தால் படம் காட்டுவார்கள். இந்த மனிதர் தின்னக் கொடுக்கிறார். அதற்காக என் கணக்கில் குண்டாறு, அடவிநயினார் எல்லாம் தள்ளுபடி.

பண்பொழி வீடு பூட்டித்தான் கிடக்கிறது. சாவி தம்பியிடம். "சீசனுக்கு வாங்க சார், வீடு சும்மாதான் கெடக்கு" என்று உங்களையும் கூப்பிடுவார், ஒப்புக்குச் சொல்வதில்லை. தாராளமாகப் போங்கள். தம்பி ஆட்டோ வைத்து வந்து நிற்பார், அடுப்படியில் தேங்காயும் வாழைக்காயும் இருக்கும், அரை மணிக்கு ஒரு தரம் தாம்பரத்திலிருந்து போன் வரும். எல்லாவற்றையும் அனுபவித்துவிட்டுத் திரும்பி வந்து, தயவுசெய்து, தண்ணீர் சுமார்தான் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.