இருமலுக்கு அனுமதி கோரி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: விடுதி மாணவர்களின் பெற்றோர் (பிள்ளைகளின் இன்டர்னல் மதிப்பெண்ணை முன்னிட்டுப் பெயர்கள் தவிர்க்கப்படுகின்றன).

பெறுநர்: மாண்பமை முதல்வர், தலைமைக் காப்பாளர் மற்றும் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவினர்.

பொருள்: தேர்வறையில் இருமிய குற்றம் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

கடந்த செவ்வாய்க்கிழமை மாடல் தேர்வின்போது மூன்றாம் மாடி ஹாலில் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் விடாமல் இருமினான். மேற்பார்வையாளர் இருமுறை முறைத்தார். மாணவன் அடங்கினான், இருமல் அடங்கவில்லை. விடைத்தாள் பிடுங்கப்பட்டது. அலுவலக வராந்தாவில் நின்றபடியே அவன் மன்னிப்புக் கடிதம் எழுதினான்: தேர்வறை ஒழுங்கைக் குலைத்தது தவறு, இனிமேல் இவ்வாறு இருமமாட்டேன். தகப்பனார் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். அறந்தாங்கியில் மளிகைக் கடையில் கணக்கெழுதும் அவர், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மறுநாள் பஸ் ஏறி வந்து, மகனின் இருமலுக்குத் தாமே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இருமலைக் கையெழுத்தால் நிறுத்தலாம் என்று கண்டுபிடித்த பெருமை தங்கள் கல்லூரிக்கே உரியது. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் வழியாக ஆசியக் காய்ச்சல் என்ற ஃப்ளூ சென்னையில் இறங்கி நாடு முழுக்கப் பரவியது. அன்றைக்குத் துறைமுகத்தில் தங்கள் காப்பாளர் நின்று, "ஹெச்ஓடி கையெழுத்து எங்கே?" என்று கேட்டிருந்தால் அந்த வைரஸ் வந்த கப்பலிலேயே திரும்பிப் போயிருக்கும். நாட்டுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அதே மாணவன் முந்தின வாரம் நிரப்பிய லீவு ஃபாரமும் பெற்றோர் பார்வைக்கு வந்தது. இளஞ்சிவப்புத் தாள், நாலாக மடித்தது, ஒரு மூலையில் சாம்பார்க் கறை. அடியில் தடித்த எழுத்தில், 'மாணவர் நேரில் வந்தே கையெழுத்துப் பெற வேண்டும். நண்பர் மூலம் அனுப்பினால் ஏற்கப்படாது.' ஆகவே 101 டிகிரி காய்ச்சலோடு அவனே போனான். திங்கட்கிழமை கிளாஸ் அட்வைசர். அவர் அறையில் இன்னும் நான்கு ஆசிரியர்கள், ஒரே ஃபேன். மறுநாள் ஹெச்ஓடி, மீட்டிங்கில் இருந்ததால் கதவருகே காத்திருப்பு. அதற்கும் மறுநாள் மாலையில் துணைக் காப்பாளர்.

இன்ஃப்ளூயன்ஸா, காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்குத் தொற்றும். நோயின் முதல் மூன்று நாட்களில்தான் மிக அதிகமாகத் தொற்றும். அந்த மூன்று நாட்களைத்தான் தங்கள் ஃபாரம் ஊர்வலத்துக்கு ஒதுக்கியிருக்கிறது. தொற்றியவர் படுக்கச் சராசரியாக இரண்டு நாள் ஆகும். அட்வைசர் புதனன்று படுத்தார். ஹெச்ஓடி வியாழன். துணைக் காப்பாளர் வெள்ளிக்கிழமை மெஸ்ஸுக்கே வரவில்லை. நோய் போன தடத்தைத் தேடச் சுகாதாரத் துறை தனியாக ஆள் அனுப்ப வேண்டியதில்லை. ஃபாரத்தை மேலிருந்து கீழாக, கையெழுத்து கையெழுத்தாக வாசித்தாலே போதும்.

கிடைத்த விடுப்பு இரண்டு நாள்.

2023 மார்ச்சில் ஹெச்3என்2 காய்ச்சல் பரவியபோது இந்திய மருத்துவச் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும், இருமல் மூன்று வாரம் வரை இருக்கலாம், அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளை வீணாக விழுங்காதீர்கள் என்றது. தங்கள் கையெழுத்து அதில் இல்லை என்பதால்தானோ என்னவோ, வளாக ஹெல்த் சென்டரில் அந்த அறிக்கை செல்லுபடியாகவில்லை. அங்கே தொண்டை கரகரத்தாலும் மூக்கு ஒழுகினாலும் அசித்ரோமைசின் மூன்று, சிட்ரிசின் மூன்று, கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது என்று பிளஸ் டூவில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள்தான் வரிசையில் நின்று அதை வாங்குகிறார்கள்.

ஏன் வாங்குகிறார்கள் என்று தாங்கள் கேட்கமாட்டீர்கள். 75 சதவீத அட்டெண்டன்ஸ். 65-க்கும் 75-க்கும் நடுவில் விழுந்தால் மருத்துவச் சான்றும், குறைவை மன்னிக்கக் கண்டொனேஷன் கட்டணமும். அதற்கும் கீழே போனால் தேர்வே எழுத முடியாது. காலையில் ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு முதல் பீரியடுக்கு வந்து, 'பிரசன்ட் சார்' சொல்லி, நாலாவது பீரியடில் மறுபடி உடம்பு கொதிக்க உட்கார்ந்திருக்கிறான் பிள்ளை. அவன் அட்டெண்டன்ஸைக் காப்பாற்றிக்கொண்டான். பக்கத்து பெஞ்சில் இருப்பவனுடைய அட்டெண்டன்ஸ் அடுத்த வாரம் போகும்.

'முழுதும் குளிரூட்டப்பட்ட வகுப்பறைகள்' என்று தங்கள் பிரோஷரின் இரண்டாம் பக்கம் சொல்கிறது. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கிற காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. அறுபது பேர் விட்ட மூச்சு அறுபது பேருக்கும் பாரபட்சமின்றிப் போய்ச் சேர்கிறது. (சமூக நீதி பற்றித் தர மதிப்பீட்டு நாக் குழுவிடம் காட்ட வேறு சான்று தேவையில்லை.) உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டியில், இத்தகைய அறைகளுக்கு ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று வேண்டும் என்கிறது. தங்கள் ஜன்னல்களோ குளிர் வீணாகாமலிருக்கப் பசை பூசி அடைக்கப்பட்டவை. ஒன்றைத் திறக்க எஸ்டேட் ஆபீசர் கையெழுத்து வேண்டுமாம்.

இதெல்லாம் மிகைப்படுத்தல் என்று ஒழுங்குக் குழு நினைக்கலாம். 2020 டிசம்பரில் சென்னை ஐஐடியில், அதுவும் சொற்ப மாணவர்களே வளாகத்தில் இருந்த காலத்தில், நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா வந்தது. மெஸ் நெரிசல் மீது பேச்சு எழுந்தது. மாணவர்கள் அறைகளிலேயே இருக்க வைக்கப்பட்டு, சாப்பாடு பொட்டலமாக அறைக்குப் போனது. 2021 நவம்பரில் தார்வாடில் ஒரு மருத்துவக் கல்லூரி. புதுமுக மாணவர் வரவேற்பு விழா முடிந்த கையோடு 250-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. பெரும்பாலோர் இரண்டு தவணைத் தடுப்பூசியும் போட்டிருந்தவர்கள். படித்தவர்கள், மருத்துவம் படிப்பவர்கள், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி வைத்திருப்பவர்கள். அவர்களுக்கே அப்படி. தங்கள் விடுதியிலோ மூன்று பேர் அறையில் ஐந்து கட்டில். 'சிக் ரூம்' என்று போர்டு தொங்கும் அறையில் உடைந்த நாற்காலிகளும் போன வருட ஆண்டு விழா பேனர்களும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. போன மாதம் ஓர் இரவு, மகளிர் விடுதியில் ஒரு பெண்ணுக்கு வீசிங் வந்தது. இன்ஹேலர் தீர்ந்திருந்தது. ஹெல்த் சென்டரில் நெபுலைசர் இருக்கிறது, ஆய்வுக் குழு வந்தபோது அதைப் போட்டோ எடுத்துச் சுவரில்கூட மாட்டியிருக்கிறார்கள். அந்த அறையின் சாவி நர்ஸம்மாவிடம். அவர் மாலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். காப்பாளரின் போன் அணைந்திருந்தது. கேட்டில் அவுட்பாஸ் கேட்டார்கள். உதடு நீலம் பாய்ந்த ஒரு பிள்ளையிடம் அவுட்பாஸ்! வாட்ச்மேன் ஒருவர் மட்டும் தன் பொறுப்பில் பூட்டைத் திறந்து 108-க்குப் போன் செய்தார். அவள் பிழைத்தாள். வாட்ச்மேனுக்கு மறுநாள் மெமோ கொடுத்தீர்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள் ஐயா, யார் சொல்லிக் கொடுத்தது இதை?

மன்னிக்கவும். கோபம் உரிய அனுமதி பெறாமல் வந்துவிட்டது. அதற்கான ஃபாரம் எந்தக் கவுண்ட்டரில் கிடைக்கும் என்று தெரிவித்தால் நிரப்பித் தரப்படும்.

தங்கள் பெருந்தன்மையை அறிந்தே இந்த விண்ணப்பம். காய்ச்சல் வந்தவன் படுத்த இடத்திலிருந்து போனில் விடுப்புச் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். கையெழுத்துகளை அவன் எழுந்த பிறகு ஆற அமர வாங்கிக்கொள்ளலாம், அவை எங்கும் ஓடிவிடாது. ஜன்னல் பசையைச் சுரண்டச் சொல்லுங்கள். ஆடிட்டோரியத்துக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கும் காசு, ஒரு கலைவிழாவின் மேடை அலங்காரச் செலவுக்குள் அடங்கும். சிக் ரூமிலிருந்து பேனர்களை அள்ளிவிட்டுக் கட்டில் போடுங்கள். நெபுலைசர் சாவி இரவிலும் யாராவது ஒருவரிடம் இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவனை ஒழுங்குக் குழு முன் நிறுத்துவதை விட்டுவிட்டுச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். காசநோய் ஒழிப்புத் திட்டம் அதைத்தான் சொல்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் அதற்குக் காசும் கிடையாது. வாட்ச்மேனின் மெமோவைத் திரும்பப் பெறுங்கள்.

கண்டொனேஷன் கட்டணம் செலுத்த இந்த மாதம் 20-ஆம் தேதி கடைசி நாள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். காய்ச்சலில் விழுந்த பிள்ளைகளுக்காக அந்தப் பணத்தைக் கட்டுவதில்லை என்று பெற்றோர் முடிவு செய்திருக்கிறார்கள்.