நன்றியுரைக்காரர்

அழைப்பிதழை மேலிருந்து கீழாகப் படியுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை. சிறப்புரைக்கு எழுத்து பருத்திருக்கும், பக்கத்தில் ஒரு வட்டப்படமும் உண்டு. (முன்னிலை என்பது நன்கொடையும் கொடுத்து, பேசாமல் உட்காரவும் சம்மதித்தவர்களுக்கான இடம்.) எல்லாம் முடிந்தபின், அச்சகக்காரர் மிச்சமிருந்த காலியிடத்தில் செருகிய மாதிரி, கடைசி வரியில் ஒரு பெயர் இருக்கும். மன்னார்குடியானாலும் மார்த்தாண்டமானாலும் ஆண்டுதோறும் தலைவர் மாறுவார், விருந்தினர் மாறுவார், நன்கொடையாளர்கூட மனம் மாறுவார். அந்தக் கடைசி வரிப் பெயர் மட்டும் மாறாது. அவர்தான் நன்றியுரைக்காரர்.

பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர். தமிழாசிரியராகவோ, கூட்டுறவு வங்கிச் செயலாளராகவோ, எல்.ஐ.சி. முகவராகவோ இருந்திருப்பார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று எழுத, இன்னொன்று, விருந்தினர் கையெழுத்துப் போடப் பேனா தேடும்போது நீட்ட. இலக்கிய மன்றத்தில் அவருக்கு இணைச் செயலாளர் பதவி. அதாவது மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவது, நாற்காலி எண்ணி இறக்குவது, பொன்னாடை வாங்குவது, விருந்தினரை ரயிலடியிலிருந்து அழைத்து வருவது, வழியில் அவர் மாத்திரை கேட்டால் வாங்கிக் கொடுப்பது. செயலாளர் செய்வது வரவேற்புரை.

ஐந்து மணிக்கென்று போட்ட கூட்டம் ஆறேகாலுக்குத் தொடங்கும். சிறப்புரையாளர் ‘இன்னும் இரண்டே நிமிடத்தில்’ என்று மூன்று முறை சொல்லி முடிக்கும்போது மணி எட்டேமுக்கால். இனி நன்றியுரை என்று அறிவித்ததுதான் தாமதம், முதல் வரிசை கைக்கடிகாரத்தைப் பார்க்கும், நடு வரிசை செருப்பைத் தேடும், கடைசி வரிசை அங்கே இருக்காது. மைக்செட்காரர் ஓர் ஓரமாக ஒயரைச் சுருட்டத் தொடங்கியிருப்பார். இப்படிப்பட்ட நேரத்தில் மேடையேறி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நான்காக மடித்த தாளைப் பிரிப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

அவரிடம் ஓர் ஆயுதம் இருக்கிறது. நம் ஊர் விழாக்கள் இரண்டு பாடல்களுக்கு நடுவே நடப்பவை. தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பரில் தமிழக அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது 55 வினாடியில் பாட வேண்டும் என்று வரையறுத்தது. முடிவில் நாட்டுப்பண், 52 வினாடி. இரண்டு பாடலுக்கும் வினாடிக் கணக்கு உண்டு. நடுவில் நடப்பதற்குக் கிடையாது. “நன்றியுரையைத் தொடர்ந்து நாட்டுப்பண் இசைக்கப்படும்” என்று அவர் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவார். தேசப்பற்றுள்ளவர் யாரும் இனி எழுந்து போக முடியாது. வாசல்வரை போனவர்கூட, வேறு எதற்கோ போனவர் போலத் திரும்பி வந்து உட்காருவார்.

ஆஸ்கர் மேடையில் விருது வாங்குபவர் நன்றி சொல்ல 45 வினாடி தருகிறார்கள். தாண்டினால் இசைக்குழு வாசித்து இறக்கிவிடும். 1943-இல் சிறந்த நடிகை விருது பெற்ற கிரீர் கார்சன் ஐந்தரை நிமிடம் பேசினார்; அந்த விழா வரலாற்றில் மிக நீளமான ஏற்புரை என்று 2025 வரை அதைப் பேசினார்கள். ஐந்தரை நிமிடத்தில் நம்மவர் மாவட்ட ஆட்சியரைத் தாண்டி வட்டாட்சியரை நெருங்கிக்கொண்டிருப்பார். 2009-இல் ஏ.ஆர். ரகுமான் ‘எல்லாப் புகழும் இறைவனுக்கே’ என்று தமிழில் மூன்று சொல் சொன்னதை எல்லோரும் பாராட்டினார்கள். நன்றியுரைக்காரரும் பாராட்டினார். ஆனால் ஒரு தொழில்முறைக் குறையும் கண்டார்: “மைக்செட்காரரை விட்டுட்டாரே.”

தொடக்கம் திருக்குறளில்தான். செய்ந்நன்றி அறிதல் பதினோராவது அதிகாரம். அதில் பத்துக் குறள். அவருக்குக் கைகொடுப்பவை மூன்று. கடைசி நேரத்தில் பணம் கொடுத்துக் கூட்டத்தைக் காப்பாற்றியவருக்கு 102, ‘காலத்தினால் செய்த நன்றி’. தருகிறேன் என்று சொல்லித் தராதவர் பெயரைச் சொல்லாமல், மேடையிலிருந்து அவரை மட்டும் பார்த்தபடி 108-இன் பின்பாதி, ‘நன்றல்லது அன்றே மறப்பது நன்று’. கூட்டம் கலைவது தெரிந்தால் 110, ‘எந்நன்றி கொன்றார்க்கும்’, குரலைச் சற்று உயர்த்தி.

பிறகு பட்டியல். கேட்பவருக்கு அது பெயர்க் குவியல். அவருக்கு மூன்று இரவு வேலை. யாரை முதலில் வைப்பது, யாருக்குப் பின் யார், எவருக்குப் ‘பெருமதிப்பிற்குரிய’, எவருக்கு வெறும் ‘மதிப்பிற்குரிய’, இரண்டு முன்னாள் தலைவர்கள் வந்திருந்தால் வயதா பதவிக்காலமா என்றெல்லாம் பார்க்க வேண்டும். மண்டபம் தந்தவர், பந்தல் போட்டவர், மேடைக்கு வாழைமரம் வெட்டி அனுப்பியவர், சுவரொட்டி ஒட்டிய பையன்கள், பத்திரிகை நிருபர்கள், காவல்துறை. “கடைசியாக” என்ற சொல் நான்கு இடங்களில் வரும். அதை நம்பி எழுந்தவர்கள் நான்கு முறை உட்காருவார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே துண்டுச்சீட்டுகள் வரும். ‘நகர்மன்ற உறுப்பினர் வந்துள்ளார்.’ ‘சுண்டல் உபயம்: ஜவுளிக்கடை.’ ‘சீக்கிரம் முடிக்கவும்.’ முதல் இரண்டையும் வாசிப்பார். மூன்றாவதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். முடித்து இறங்கும்போது யாராவது எழுந்து, “வாசகர் வட்டத்துக்காரங்க பேர் விட்டுப்போச்சே ஐயா” என்பார். திரும்ப ஏறுவார்.

நன்றி சொல்வதற்குத் திருத்தம் கொண்டுவருவது நம் ஊர்க் கோளாறு மட்டுமல்ல. நாடாளுமன்றத்தில் குடியரசுத் தலைவர் உரைக்கும், சட்டமன்றத்தில் ஆளுநர் உரைக்கும் நன்றி தெரிவிக்கும் தீர்மானம் கொண்டுவருகிறார்கள். அந்த உரை மீது விவாதம் நடத்த நேரம் ஒதுக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 87, 176 பிரிவுகள் சொல்கின்றன. தலைப்பில் நன்றி இருக்கிறதே என்று நம்பிப் போய் உட்கார்ந்தால், அரசாங்கம் அவ்வளவு வசவு வாங்கும் விவாதம் ஆண்டில் வேறொன்று இருக்குமா என்று தோன்றும். 2015 மார்ச் 3 அன்று மாநிலங்களவையில், கறுப்புப் பணம் பற்றி ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று சீதாராம் யெச்சூரி கொண்டுவந்த திருத்தம் 118-க்கு 57 என்ற வாக்கில் வென்றது. மறு ஆண்டும் வேறொரு திருத்தம் வென்றது. இதைச் செய்தித்தாளில் படித்த நன்றியுரைக்காரர் நெடுநேரம் பேசவில்லை. தம்முடைய நன்றியுரையை யாரும் வாக்கெடுப்புக்கு விடவில்லை என்பதில் அவருக்கு ஆறுதல்.

வாக்கெடுப்பு இல்லையே தவிர, தண்டனை உண்டு. பெயர் விட்டுப்போனவர் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அடுத்த ஆண்டு வாழைமரம் வராது. “பெயர் விடுபட்டிருந்தால் பொறுத்தருள்க” என்று எத்தனை பணிவாகச் சொன்னாலும், அப்படிச் சொன்னதால் பொறுத்தருளியவர் என்று எந்த ஊரிலும் யாரும் இல்லை.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு டைரி வாங்கி வந்தாள். தினமும் இரவு, அன்று நடந்ததில் நன்றி சொல்லத்தக்கவை எவை என்று எழுத வேண்டுமாம். அவள் அலுவலகத்தில் எல்லோரும் எழுதுகிறார்கள். காரணமில்லாத மோஸ்தர் அல்ல இது. அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற இரு உளவியலாளர்கள் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களை மூன்று அணியாகப் பிரித்து, பத்து வாரம், வாரம் ஒருமுறை எழுதச் சொன்னார்கள். ஓர் அணி நன்றிக்குரியவற்றில் ஐந்து வரை எழுத வேண்டும்; இன்னோர் அணி தொல்லைகளை; மூன்றாவது அணி சும்மா நடந்தவற்றை. நன்றி எழுதிய அணி மற்றவர்களைவிட நிறைவாக உணர்ந்தது. தொல்லை எழுதிய அணியைவிட உடற்பயிற்சிகூடக் கூடுதலாகச் செய்தது.

நன்றியுரைக்காரர் அன்றிரவே உட்கார்ந்தார். ‘முதற்கண், இன்று குறித்த நேரத்தில் உதித்த கதிரவனுக்கும்’ என்று தொடங்கினார். பால்காரர், பேப்பர் போடும் பையன், பத்து மணிக்குள் தண்ணீர் திறந்துவிட்ட நகராட்சிப் பணியாளர், மின்சாரத்தை ஒரே ஒரு முறை மட்டும் நிறுத்திய வாரியம், ஓய்வூதியத்தை ஒன்றாம் தேதி போட்ட கருவூலம், அதை எடுக்க உதவிய ஏ.டி.எம். காவலாளி. ஐந்து பக்கம் ஆயிற்று. ‘பெயர் விடுபட்டிருந்தால் பொறுத்தருள்க’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, தேதியும் இடமும் போட்டார். ஓர் ஆண்டுக்கான டைரி மூன்று மாதம் தாங்கவில்லை. கலிபோர்னியாவில் சோன்யா லுபோமிர்ஸ்கி குழுவினர் செய்து பார்த்ததில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் பலன் இருந்தது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை என்று மகள் தொலைபேசியில் எடுத்துச் சொன்னாள். வாரம் ஒருமுறை என்றால் பட்டியல் இன்னும் நீளுமே என்பது அவர் கவலை.

டைரியைப் புரட்டிப் பார்த்தவர் அவர் மனைவி. “எல்லார் பேரும் இருக்கு. காபி யார் போட்டுக் குடுத்தான்னு மட்டும் எங்கேயும் காணோமே?”

இந்தக் கேள்விக்கு விடை தேடி அவர் நூலகம்வரை போனார். 2018-இல் ஒரு மொழியியல் குழு எட்டு மொழிகளில் அன்றாட வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தது. சமையலறையில், திண்ணையில், ஒருவர் ஒன்று கேட்டு மற்றவர் அதைச் செய்து கொடுத்தபின் வாயால் நன்றி சொன்னது ஏறக்குறைய இருபதுக்கு ஒரு முறைதான். ஆங்கிலத்திலும் இத்தாலியத்திலும் மட்டும் கொஞ்சம் கூடுதல். ஈக்வடார் நாட்டில் சாப்பாலா பேசுவோரிடம் அதற்கென்று வழக்கமான சொல்லே இல்லை. ஆனாலும் கேட்ட உதவி எல்லா மொழியிலும் பெரும்பாலும் கிடைத்தது. நன்றி சொல்லவில்லை என்று யாரும் உப்பை நீட்டாமல் இருக்கவில்லை. அந்த எட்டில் தமிழ் இல்லை. இருந்திருந்தால், “சர்க்கரை கொஞ்சம் தூக்கல்” என்பதை நன்றியில் சேர்ப்பதா வேண்டாமா என்று அறிஞர்கள் திணறியிருப்பார்கள்.

“பார்த்தியா, உலகம் பூரா இருபதுல ஒண்ணுதான்” என்று மனைவியிடம் சொன்னார்.

“சரிங்க, அந்த ஒண்ணு எப்ப வரும்?”

அதற்கு ஆய்வில் விடை இல்லை.

இன்னொன்றும் முயன்றார். மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-இல் சோதித்த பயிற்சி: வாழ்க்கையில் உதவி செய்தும் நாம் சரியாக நன்றி சொல்லாமல் விட்ட ஒருவருக்குக் கடிதம் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது. செய்தவர்களின் மகிழ்ச்சி ஒரு மாதம்வரை கூடியிருந்தது. நம்மவர் தம்முடைய ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரைத் தேடிப் போனார். தொண்ணூறு வயது நெருங்கிய அவர், உறையைப் பார்த்ததும், “கல்யாணம் என்னைக்கு?” என்றார். கல்யாணம் இல்லை ஐயா, நன்றி சொல்ல வந்தேன் என்றதும் முகம் மாறி, “கையில இப்ப பணம் ஒண்ணும் இல்லப்பா” என்றார். கடிதத்தைப் படித்துக் காட்டி முடித்தபோது, ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “இன்னொரு தடவை படி” என்றார். பெறுபவர் சங்கடப்படுவார் என்று எழுதுபவர்கள் நினைக்கும் அளவுக்கு அவர்கள் சங்கடப்படுவதில்லை என்று அமித் குமார், நிகலஸ் எப்லி என்ற இருவர் 2018-இல் எழுதியிருக்கிறார்கள். முதல் ஐந்து நிமிடத்தை அவர்கள் கணக்கில் எடுத்தார்களா என்பது நன்றியுரைக்காரரின் ஐயம்.

மனைவிக்கு அவர் செய்தது வேறு. அடுத்த கூட்டத்தில், பந்தலுக்கும் பத்திரிகையாளருக்கும் நடுவே, “விருந்தினருக்கு இரவு உணவு சமைத்தளித்த என் இல்லத்தரசிக்கும்” என்று ஒரு வரி சேர்த்தார். மூன்றாவது வரிசையில் இருந்த அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும், “இத்தனை பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டீங்க” என்றார். மறுநாள் காபியில் சர்க்கரை சரியாக இருந்தது.

இந்த மனிதரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் சிறப்புரையில் வந்தது சங்க இலக்கியம் முதல் செயற்கை நுண்ணறிவு வரை எங்கும் கிடைக்கும் சரக்கு. அந்தக் கூட்டத்தைப் பற்றி மட்டுமே பேசியது நன்றியுரைதான். வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மண்டபத்தில் தெரியாது, இருநூறு நாற்காலி தானாக நடந்து வந்து உட்கார்ந்துகொண்டதாகவே வந்தவர்கள் நினைக்கிறார்கள். வாழைமரம் கொடுத்தவர் பெயர் ஒலிபெருக்கியில் வருவது ஆண்டுக்கு அந்த ஒரு முறைதான். அவரும் அதைக் கேட்கத்தான் கடைசிவரை நின்றுகொண்டிருக்கிறார்.

ஆகையால் மன்றச் செயலாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். நன்றியுரையைச் சிறப்புரைக்கு முன்னால் வையுங்கள். விருந்தினர் இன்னும் பேசவே இல்லையே, எப்படி நன்றி சொல்வது என்று கேட்காதீர்கள். ‘தேன்மழை பொழிந்த’ என்று மூன்று நாளைக்கு முன்பே தாளில் எழுதியாகிவிட்டது. கூட்டமும் இருக்கும், மைக்கும் இருக்கும். அதுவரை, கேட்க வருபவர்கள் உட்கார்ந்தே இருங்கள். ஏழு நிமிடம் என்று சொல்லியிருக்கிறார், பத்தில் முடித்துவிடுவார்.