அண்ணா சாலை மவனும் செர்மனிக்காரன் குதிரையும்

ஏலே, அந்த போனைக் கொஞ்சம் கீழ வைய்யி. அக்டோபர் மொத ஞாயித்துக்கிழமை பாரீசு லாங்ஷாம்ப்புல ஆர்க் பந்தயம். புல்தரை, 2400 மீட்டர். 1920-லேருந்து ஓடுதானுவ. எந்தக் குதிரை செயிக்கும்னு நீ ராத்திரி பூராவும் வீடியோ பாக்கே. கோட்டுப் போட்டவன் ஒருத்தன் பேசுதான். அப்பன் யாரு, ஆத்தா யாரு, பாட்டன் எங்க ஓடினான், என்ன வெலைக்குப் போனான்? பொண்ணு பாக்கப் போறவனுவகூட இம்புட்டு வெசாரிக்க மாட்டானுவ.

அங்க மழை பெஞ்சுதான்னு ஒருத்தனாவது கேட்டானா?

2021-ல அடையார்னு ஒரு குதிரை. பேரு தெரிஞ்ச மாதிரி இருக்கா? அது ஆத்தா பேரு அண்ணா சாலை! நெசமாத்தாம்லே. துபாய் சேக்கு வளத்த குதிரைக்கு மெட்ராசு பேரு. அப்பன் ஃபிராங்கெல், ஒரு பந்தயமும் தோக்காத சூரன். அந்த வருசமே அடையாரு இங்கிலீசு டெர்பியும் செயிச்சிருந்துச்சு. வம்சம்னா அதாம்லே வம்சம்! ஆனா லாங்ஷாம்ப்புல தரை பொதபொதன்னு கெடந்துச்சு. வந்தது யாரு தெரியுமா? டொர்க்வாட்டோர் டாசோன்னு ஒரு செர்மனிக்காரன் குதிரை. ஒண்ணுக்கு எழுவதுக்கு மேல தாரோம்னு சொல்லியும் சீண்ட ஆளில்ல. சேத்துல அதுதான் முந்திட்டு. அண்ணா சாலை மவனுக்கு நாலாவது எடம்.

2012 கதையும் கேளு. சப்பான்லேருந்து ஓர்ஃபெவ்ருன்னு ஒண்ணு போச்சு. அன்னைக்கும் சேறுதான். எல்லாத்தையும் அலட்சியமா தாண்டிட்டு. இனி என்ன, கோப்பை கையிலதானே? அந்நேரம் பாத்து உள்வேலிப் பக்கமா சாஞ்சு சொணங்கிட்டு. எல்லைக் கோட்டுக்கிட்ட வந்து சோலேமியான்னு ஒரு பெட்டை தட்டிட்டுப் போயிட்டு. மறுவருசமும் ஓர்ஃபெவ்ருக்கு ரெண்டாவது எடந்தான். சப்பான்காரனும் வருசா வருசம் விமானத்துல குதிரை ஏத்துதான். 2025 வரைக்கும் ஒண்ணும் செயிக்கல.

பாரத்தை எவனாவது பாத்தானா? மூணு வயசு ஆண் குதிரை 56.5 கிலோ சொமக்கணும், மூத்தது 59.5. பெட்டைக்கு அதுல ஒண்ணரை கிலோ தள்ளுபடி. 2011-லேருந்து 2018 வரைக்கும் எட்டுப் பந்தயம், அதுல ஏழுலயும் பெட்டைதான் செயிச்சிருக்கு. ஒண்ணரை கிலோன்னா சும்மாவா? மேடேறி எறங்கி ஓடுத தடம்லே அது! ஆம்பளக் குதிரை படத்தைப் பெருசாப் போட்டவன் இதைச் சொன்னானா?

அதுலயும் த்ரேவுன்னு ஒருத்தி. 2013-ல செயிச்சா. அடுத்த வருசம் ஆர்க்குக்கு முன்ன ஓடின மூணுலயும் தோல்வி. அவ கதை முடிஞ்சிட்டுன்னு பெரிய மண்டையெல்லாம் தீர்ப்புச் சொல்லியாச்சு. ஆர்க்குல மறுபடியும் அவதான் மொதல்ல வந்தா. தீர்ப்புச் சொன்னவன் என்ன செஞ்சான்? கோட்டைத் தட்டிவிட்டுட்டு அடுத்த பந்தயத்துக்கு வம்சம் பேசப் போயிட்டான். கூச்சம் இருந்தா அந்தப் பொழப்பு நடக்குமா?

அதனால சொல்லுதேன் கேளு. ஞாயித்துக்கிழமை காலையில பாரீசுல மழையான்னு பாரு. எதுக்கு எம்புட்டு பாரம்னு பாரு. சேத்துல முன்ன ஓடினது எதுன்னு பாரு. பாத்துட்டு, சட்டைப்பையில கெடக்க காசை எடுத்து ஒங்க அம்மைகிட்ட குடுத்துரு. ஓடுதத பாக்கதுக்குத் துட்டு வேண்டாம்லே.