‘வேண்டாம்’ என்றவர் மகாத்மியம்

வீட்டில் நாய் வளர்ப்பது குறித்து உலகில் இதுகாறும் தோன்றிய நூல்கள் யாவும் நாயைப் பற்றியே பேசுகின்றன. அதன் ஜாதி, ஆகாரம், ரோமம், ரோகம், பயிற்சி என்று ஒவ்வொன்றையும் விஸ்தாரமாக ஆராய்ந்த வித்துவான்கள், நாய் வருவதற்கு முந்தின இரவு வரையில் "இந்த வீட்டுல ஒண்ணு நாய் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சபதம் செய்துவிட்டு, வந்த மூன்றாம் மாதத்தில் அதே நாய்க்குச் சோற்றில் பால் ஊற்றிக் கட்டியில்லாமல் பிசைந்துகொண்டிருக்கும் குடும்பப் பெரியவரைக் குறித்து ஒரு வரியும் எழுதாமற்போனது, சாஸ்திர உலகத்துக்கு நேர்ந்த நஷ்டம் என்றே கருதுகிறேன். அந்நஷ்டத்தை ஒருவாறு ஈடுசெய்யும் நோக்கத்துடன், அப்பெரியவருக்கு ‘நிஷேதகர்’ என்று ஒரு பரிபாஷைப் பெயரும் சூட்டி, இச்சிறு ஆராய்ச்சியை அறிஞர் முன் வைக்கத் துணிகிறேன்.

ஆராய்ச்சிக் களமாகப் புதுச்சேரியில் கதிர்காமத்தைத் தேர்ந்ததற்குத் தக்க காரணங்கள் உண்டு. முருகப்பெருமானின் க்ஷேத்திரப் பெயரைத் தாங்கிய ஊரில் பக்தர்கள் நியாயமாக மயில் அல்லவா வளர்க்க வேண்டும்? ஆனால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் கொடாதபடியால், பிள்ளையின் வாகனத்தை விடுத்துத் தகப்பனாரின் வைரவ மூர்த்தத்துக்கு உரிய வாகனத்தை ஜனங்கள் ஆதரித்துவிட்டார்கள் என்பது என் ஊகம். அன்றியும், மனிதருக்கு வைத்தியம் பார்க்கும் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி கதிர்காமத்திலேயே இருக்க, 1994-இல் தோன்றிய ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்துக் குருமாம்பேட்டில் இருப்பதால், கடித்தவருக்கும் கடிபட்டவருக்கும் ஒருங்கே சிகிச்சை சமீபத்தில் கிடைக்கும் பாக்கியம் இவ்வூராருக்கு வாய்த்திருக்கிறது.

நிஷேதகர் பெரும்பாலும் ஆணாகவும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவராகவும் காணப்படுவார். ஆயினும் ஆயாக்களிலும் கடுமையான நிஷேதகர்கள் உண்டு. அவர்கள் எழுப்பும் ஆட்சேபங்களைத் தர்க்க நூலார் முறைப்படி பூர்வபட்சமாக வைத்துப் பார்ப்போம். முடி கொட்டும், வாடை அடிக்கும் என்பார்கள். கோலத்தை மிதிக்கும், பூஜை அறையில் நுழையும் என்பார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு நாலு ஊருக்குப் போய்வர முடியாது என்பார்கள். இதைச் சொன்ன ஒரு பெரியவர் கடைசியாக ஊரைவிட்டுக் கிளம்பியது விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்கு என்பதும், அதிலும் மத்தியானப் பந்தி முடிந்த கையோடு பஸ் ஏறித் திரும்பிவிட்டார் என்பதும் அவருடைய சம்சாரத்தின் சாட்சியத்தால் நிரூபணமாயின. இவையெல்லாம் உரத்த குரலில் சொல்லப்படுபவை. இவற்றின்பின், தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாததுபோல ஒன்று சொல்வார்கள்: "அப்புறம் அது போயிடுச்சுன்னா யாரு தாங்கறது?" இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

இனிப் பிரமாணங்கள். இதிகாச உலகில் நிஷேதகர் வரிசையில் முதல் ஸ்தானம் தேவேந்திரனுக்கே உரியது. அஸ்தினாபுரத்திலிருந்து தானாகப் பின்தொடர்ந்து வந்த நாயோடு தருமபுத்திரர் இமயத்தின் உச்சியில் நின்றபோது, ரதத்துடன் வந்த இந்திரன், தருமர் ஏறலாம், நாய் ஏறக்கூடாது, சொர்க்கத்தில் நாய் வைத்திருப்போர்க்கு இடமில்லை என்றான். நாயை விட்டு வரும் சொர்க்கம் எனக்கு வேண்டாம் என்று தருமர் மறுத்ததும், அந்த நாயே தர்மதேவதையாக வெளிப்பட்டதும் யாவரும் அறிந்த கதை. தருமரின் பெருமையைப் பேசியவர் அநேகர். இந்திரன் ஏன் அப்படிச் சொன்னான் என்று கேட்டவர் எவரும் இலர்.

கல்வெட்டுப் பிரமாணத்தில், நிஷேதகருக்கு நேர் எதிரான ‘ஆசைக்காரர்’ வகையை முதலில் பார்த்துவிடுவோம். கி.பி. 949-இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் மாண்ட செய்தியைச் சொல்லும் கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டு, அதே கல்லில் ஒரு நாயின் சரித்திரத்தையும் சொல்கிறது. மணலேரன் என்னும் வீரனின் பராக்கிரமத்தை மெச்சிய அரசன், வேண்டியதைக் கேள் என்றபோது, ஊர் கேட்டிருக்கலாம், பொன் கேட்டிருக்கலாம். அவன் கேட்டது ‘காளி’ என்னும் வேட்டைநாயை. கேட்டு வாங்கியவன் செய்தது என்ன? ஒரு பெருங்காட்டுப் பன்றியின்மேல் அதை ஏவினான். பன்றியும் நாயும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. கோயில் முன் கல் நாட்டி, நிலமும் விட்டு, அதற்குப் பூஜை செய்யாமல் உண்பவன் பாவத்தை அடைவான் என்றும் எழுதிவைத்தார்கள். மெச்சத்தக்கதே. ஆனால் ஒரு நிஷேதகர் வசம் காளி இருந்திருந்தால், பன்றியின்மேல் ஏவுவதிருக்கட்டும், மழைத் தூறலில் தெருவுக்கே விட்டிருக்க மாட்டார்.

தமிழ்நாட்டுச் சான்று இதனினும் பழையது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டுக்குரியது, அதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காத்து நின்று பட்ட ஒரு வீரனுக்காக எழுப்பப்பட்ட அக்கல்லில், அவன் பக்கத்திலேயே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுத்து இருக்கிறது. இங்கேதான் ஆராய்ச்சியாளன் நிதானிக்க வேண்டும். எஜமானனோ மாண்டுபோனான், நாயின் பெயர் பிசகாமல், கடிபட்ட கள்ளர் ஒருவரா இருவரா என்ற கணக்கும் பிசகாமல், கல்தச்சனிடம் சொல்லி எழுதுவித்தவர் யார்? ஆசையோடு நாயை வளர்த்தவன் இல்லாத இடத்தில் அதன் பெயரை இத்தனை அக்கறையோடு ஒப்பிக்கக்கூடியவர், கோவிவன் குட்டியாக இருந்தபோது அதை வாசலில் கண்டு விறகுக் கட்டை எடுத்து வீசிய அவ்வீட்டுப் பெரியவராகவே இருக்க வேண்டும் என்பது என் சித்தாந்தம். கல்வெட்டறிஞர்கள் உடன்படுவார்களா என்பது வேறு விஷயம்.

பிரத்தியட்சமாகக் கதிர்காமத்தில் கண்டவற்றைச் சொல்கிறேன். குட்டி வந்த வாரத்தில் நிஷேதகர் அதை ஏறிட்டும் பாரார். "உன் நாய் கத்துது பாரு" என்று பேரனிடம் உதாசீனமாகச் சொல்வார். பேரன் கல்லூரிக்கும், மகனும் மருமகளும் வேலைக்கும் போய்விட்ட பகற்பொழுதில், வீட்டில் மிஞ்சுவது இருவரே. மனிதனைக்காட்டிலும் பன்மடங்காக, பத்துக் கோடிக்கு மேற்பட்ட மோப்ப அணுக்களை உடைய அந்த ஜீவன், ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அந்தப் பகல்களில் முகர்ந்துவிடுகிறது. பிறகு டீக்கடையிலிருந்து மடித்த காகிதத்தில் பொறை வருகிறது. பாண்லே பால் அரை லிட்டர் கூடுதலாக வருகிறது. புரட்டாசி மாதத்தில் கறி வாசனையே ஆகாது என்று விரதம் காக்கும் வீட்டில், "நாய் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று தாமே பையை எடுத்துக்கொண்டு கோழிக்கடைக்குப் போய்வந்த ஒரு வைஷ்ணவ சீலரை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பாஷை விஷயத்திலும் பேதம் உண்டு. ஆசைப்பட்டு வாங்கியவர்கள் நாயோடு "கம்", "சிட்", "கோ" என்று ஆங்கிலத்தில், ஒற்றைச் சொல்லாகப் பேசுவது வழக்கம். ராஜபாளையத்தில் பிறந்த நாயானாலும் இதற்கு விலக்கில்லை. நிஷேதகரோ தமிழில், வாக்கியம் வாக்கியமாகப் பேசுவார்: "எங்க போயிட்டு வர்றே இந்நேரத்துக்கு? காலையில வச்ச சோறு அப்படியே கெடக்குது, ஒடம்பு என்னத்துக்கு ஆவும்?" பெற்ற பிள்ளைகளிடம் அவர் இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசியதற்குச் சரித்திரத்தில் ஆதாரமில்லை என்று அப்பிள்ளைகள் சொல்கிறார்கள்.

நோய் கண்டால் நிலைமை இன்னும் தெளிவாகிறது. பார்வோ என்னும் வைரஸ் ரோகம் குட்டிகளைப் பற்றினால் வாந்தியும் ரத்தபேதியுமாக இரண்டு மூன்று தினங்களில் உயிரைக் குடித்துவிடும். டிரிப்ஸ் ஏற்றி நீர்வற்றாமல் காப்பதுதான் முக்கிய சிகிச்சை. அத்தகைய ஒரு குட்டியைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்த குடும்பத்தைக் கால்நடை மருத்துவமனையில் பார்த்தேன். "யாராவது ஒருத்தர் தலையைக் கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்று டாக்டர் ஊசியை எடுத்ததும், நாய் வேண்டும் என்று பட்டினி கிடந்து சாதித்த பேரன் சுவரில் இருந்த விளம்பரத்தை ஊன்றிப் படிக்கத் தொடங்கினான். முன்னால் வந்தவர் நிஷேதகர். "ஒண்ணுமில்லடா, தாத்தா இருக்கேன்ல" என்று அவர் சொன்னது நாய்க்கா தமக்கா என்று நிர்ணயிக்க முடியவில்லை.

இது புதிய வழக்கமும் அன்று. ஜெர்மனியில் பான் நகரை அடுத்த ஓபர்காசலில் 1914-இல் கண்டெடுத்த, ஏறக்குறைய 14,000 ஆண்டுப் பழமையுள்ள புதைகுழியில், ஓர் ஆணோடும் பெண்ணோடும் ஏழு மாதம் நிரம்பாத ஒரு நாய்க்குட்டி இருந்தது. அதன் பல்லில் தெரியும் தழும்புகளைக்கொண்டு, குட்டிப் பருவத்திலேயே அதற்கு டிஸ்டெம்பர் என்னும் கொடிய நோய் கண்டதென்றும், மனிதர் பராமரித்திராவிட்டால் அத்தனை வாரங்கள் பிழைத்திராது என்றும் ஆய்வாளர் சொல்கிறார்கள். வேட்டைக்கோ காவலுக்கோ காசு பிரயோஜனமில்லாத ஒரு நோயாளிக் குட்டியை, குளிர்காலத்தில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், குகையில் இடமில்லை என்று முதலில் சொன்னவர்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

முடிவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாயின் ஆயுள் பத்திலிருந்து பதின்மூன்று வருஷம். முன்பு கொல்லை இருந்தது. தென்னையடியில் குழி வெட்டினார்கள். இப்போது மதில்வரை வீடு. அந்தச் சோகத்தின் நடுவே, எங்கே புதைப்பது என்று நாலு பேரிடம் போன் செய்து கேட்க வேண்டியிருக்கிறது. ஆசைக்காரர்கள் அழுகிறார்கள்; ஒரு வாரம் கழித்து வேறு குட்டி பார்க்கலாமா என்கிறார்கள். நிஷேதகர் அழுவதில்லை. பால்காரரிடம் அரை லிட்டரைக் குறைக்கச் சொல்ல மட்டும் அவருக்கு மறந்துபோகிறது. பால் திரிந்து, மருமகள்தான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறாள். அடுத்த குட்டிப் பேச்சு எழும்போது மீண்டும் அதே குரல்: "வேண்டாம்."

எதிர்வீட்டில் ஒருவர், ரோடியர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கதிர்காமத்து நிஷேதகர்களில் தலையாயவர் என்று நான் மதித்தவர். ஒரு மாலை, கேளாமலேயே சொன்னார். அவர் சிறுவனாயிருந்தபோது, செவலை நிறத்தில் ஒரு நாய், காலைச் சங்கு ஊதினால் அப்பாவோடு மில் வாசல்வரை போகும். சாயங்காலச் சங்குக்கு மறுபடியும் போய் அழைத்துவரும். ஒருநாள் நாய் பிடிக்கிற வண்டி அந்தப் பக்கம் வந்தது. அவ்வளவுதான் சொன்னார். ஆட்சேபங்களின் கடைசியில் வைத்த அந்த மெல்லிய குரலுக்கு உபபத்தி அங்கே கிடைத்தது. பிறகு மற்ற நிஷேதகர்களையும் விசாரித்தேன். விசாரித்த இடமெல்லாம் எப்போதோ ஒரு நாய் இருந்தது. யானை தன் பாகனையே கொல்லும், நாயோ எஜமானன் எறிந்த வேல் உடம்பில் பாய்ந்து நிற்கையிலும் வாலாட்டும் என்று நாலடியார் வேறுபாடு காட்டுகிறதே, வீடு துறந்த சமண முனிவருக்கு இந்நுட்பம் எங்கிருந்து வந்தது? துறவுக்கு முன் அவர் வீட்டிலும் ஒன்று இருந்திருக்க வேண்டும். தேவேந்திரனைப் பற்றிய ஐயமும் இத்துடன் தீர்கிறது: பணிகள் என்னும் பகைக் கூட்டத்தார் மறைத்த பசுக்களை அவனுக்காகத் தேடிக் கண்டுபிடித்த சரமை, வேத காலத்திலேயே அவன் வீட்டு நாய்.

ஆகவே, உங்கள் வீட்டில் பிள்ளைகள் குட்டி வேண்டும் என்று அடம்பிடித்து, பெரியவர் ஒருவர் முடியவே முடியாது என்று நின்றால், முடியையும் வாடையையும் பற்றி அவரோடு வாதம் செய்து காலத்தை வீணாக்க வேண்டாம். "நீங்க வச்சிருந்த நாய் பேரு என்னங்க?" என்று மட்டும் கேளுங்கள். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நேரமாகும், பக்கத்திலேயே உட்காருங்கள். குட்டி வந்த பிறகு, அதற்கு ஆறிலிருந்து எட்டு வார வயதுக்குள் முதல் பார்வோ தடுப்பூசியும், மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசியும் தவறாமல் போடுங்கள். தலையைப் பிடித்துக்கொள்ள அவரையே அழைத்துப் போங்கள்.