ரெண்டு நிமிஷ ராசாக்கள்

வா பேராண்டி, குந்து. புது காரு எடுத்திருக்கியாமே? உங்க அத்தை சொன்னா. மேல கூரை தொறக்குதாம், தானா பிரேக் புடிக்குதாம், பின்னால போறப்ப டிவி பொட்டியில வழி காட்டுதாம். எல்லாத்தையும் காட்டுது. தரையில நீலப் பெயிண்டுல சக்கர நாற்காலி படம் போட்டிருக்கே, அத மட்டும் காட்ட மாட்டேங்குதா?

இன்னாத்துக்குக் கேக்கறேன்னு பாக்கறியா? புதுப்பட்டினம் பஜாருல டீக்கடை பெஞ்சு ஒண்ணு எனக்குப் பட்டா போட்ட எடம். சனி ஞாயிறு ஆனா பட்டணத்துக் காருங்க மகாபலிபுரம் தாண்டி, கல்பாக்கம் தாண்டி, பாண்டிச்சேரிக்குப் பறக்கும். நடுவுல டிபனுக்கு நிக்கும், எளநிக்கு நிக்கும், ஒண்ணுக்கு நிக்கும். நான் பாத்துகினே இருப்பேன். எனக்குப் பென்ஷன் கெடையாது. இந்த வேடிக்கைதான் பென்ஷன்.

பெரிய ஓட்டலா இருந்தா வாசலுக்கு நேரா ரெண்டு கட்டம் நீலம் அடிச்சு வுட்டிருப்பான். மாற்றுத்திறனாளிக்குன்னு எழுதியும் இருப்பான். நம்ம ஆளு வருவான். கறுப்புக் கண்ணாடி, அரை டவுசரு. நேரா வந்து கட்டத்து மேல நிறுத்துவான். செக்யூரிட்டி பெரியவரு விசில் ஊதுனா ரெண்டு விரலைத் தூக்கிக் காட்டுவான். "ரெண்டே நிமிஷம்ணே!"

அந்த ரெண்டு நிமிஷம் எவ்ளோ நேரம்னு உனக்குத் தெரியுமா? நெய் ரோஸ்டு வந்து, ஆறிப்போய், போட்டோ புடிச்சு, தின்னு முடிச்சு, காபியில சக்கரை ஜாஸ்தின்னு திருப்பி அனுப்பி, பல்லு குத்திகினு வெளிய வர்ற நேரம். எங்க காலத்துல அதுக்குப் பேரு ஒரு பொழுது.

அவன் கையில ஒரு கடியாரம் கட்டியிருப்பான், பாத்திருக்கியா? அது மணி பாக்க இல்லியாம், அடி எண்றதுக்காம். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடந்தாதான் ஒடம்பு தாங்குமாம். ஏண்டா, முப்பது மீட்டர் தள்ளி வண்டிய வுட்டா கணக்குல சொளையா நாப்பது அடி ஏறுமே! கொசுறா திரும்பி வர்றப்ப இன்னொரு நாப்பது. அது வேணாமாம். வாசல்ல எறங்கணும், அப்பால ஏசி ரூமுல ஓடுற பட்டை மேல ஏறி நின்ன எடத்துலயே ஓடணும்.

இதுக்கும் மேல ஒரு கூத்து இருக்கு. விடியக் காலையில சைக்கிளைக் காரு தலை மேல கட்டி எடுத்துகினு வர்றானுங்க. இந்த ரோட்டுல நாப்பது, அம்பது கிலோமீட்டர் மிதிக்கப் போறானுங்களாம். மிதி ராசா, நல்லா மிதி. ஆனா காரை எங்க வுட்டான்? நீலக் கட்டத்துல. அம்பது கிலோமீட்டர் மிதிக்கற காலுக்கு முப்பது மீட்டர் நடக்க நோவுது!

நொண்டிக் குதிரைக்குச் சறுக்குனது சாக்குன்னு ஒரு பழமொழி சொல்லுவாங்க. நானும் எழுபது வருஷத்துக்கு மேல பாக்கறேன். நொண்டிக் குதிரை எங்கயும் சாக்கு சொல்லல. நாலு காலும் நல்லா இருக்கற குதிரைதான் சாக்கு சொல்லுது.

முப்பது மீட்டர், முப்பது மீட்டர்ன்றனே, அது என் வாயில வந்த கணக்கு இல்ல. கட்டட விதியில எழுதியிருக்கான். வாசல்லேர்ந்து 30 மீட்டருக்குள்ள அந்தக் கட்டம் இருக்கணும், அகலம் 3.6 மீட்டர் இருக்கணும். சாதாரணக் கட்டம் ரெண்டரை மீட்டர்தான். அப்ப மிச்சம் ஒரு மீட்டர் சொச்சம் எதுக்கு? உன் காரு கண்ணாடி மடங்காம இருக்கவா?

சக்கர நாற்காலிக்காரரு காரை வுட்டு எறங்கறதை ஒரு தபா கூர்ந்து பாரு. அவரு வண்டியில பிரேக்கும் ஆக்சிலேட்டரும் கையில இருக்கும். ஒரு தண்டு, அமுக்குனா பிரேக், இழுத்தா வேகம். அவ்ளோதான் வித்தியாசம், ஓட்டறது உன்னைவிட நல்லாவே ஓட்டுவாரு. வண்டி நின்னதும் கதவை முழுசாத் தொறக்கணும். பாதி தொறந்தா ஆகாது. பக்கத்து சீட்டுலேர்ந்து நாற்காலிய மடி மேல தூக்கி வெளிய எறக்கணும். ஒவ்வொரு சக்கரமா மாட்டணும். சீட்டோட ஒட்டி நிறுத்தணும். அப்பால ரெண்டு கையையும் ஊணி ஒடம்பை அந்தாண்ட நகத்தணும். அதுக்குத்தான் அந்த ஒரு மீட்டர்.

அவரு உள்ள போய் பில்லு கட்டிட்டு வர்றதுக்குள்ள நீ பக்கத்துல காலி எடம் இருக்குதேன்னு வண்டிய நுழைக்கற. கதவுக்கும் உன் காருக்கும் நடுவுல ஒரு சாண். அவரு சொந்தக் காரு கண்ணு முன்னால நிக்குது, ஏற முடியாது. வெயில்ல குந்திகினு உன் நம்பரை மைக்குல கூவச் சொல்லணும். நீ ரெண்டாவது காபி சொல்லிகினு இருப்ப.

சரி, காரு வச்சிருக்கறவங்க கொஞ்சம் பேரு. நம்ம பஜாருக்கு வா. இங்க கட்டமும் இல்ல, நீலமும் இல்ல. இங்க ஓட்டறது சைடு வீல் ஸ்கூட்டரு. நம்ம மாநில சர்க்காரு கால் பாதிச்சவங்களுக்கு எலவசமாக் குடுக்குதே, பின்னால ரெண்டு பக்கமும் இணைப்புச் சக்கரம் வச்ச பெட்ரோல் வண்டி, அதான். அதுல ஒரு ஊன்றுகோலைச் சொருகிகினு பையனுங்க செல்போன் ரிப்பேர் கடைக்குப் போறானுங்க, பொண்ணுங்க புள்ளைய ஸ்கூல்ல வுடுது, மீன் வாங்குது. நல்ல விசயம்.

ஆனா அந்த வண்டியப் பத்தி உனக்கு ஒண்ணு தெரியாது. பெரும்பாலான வண்டியில ரிவர்ஸ் கெடையாது. நீ உன் ஸ்கூட்டர்ல குந்திகினு ரெண்டு காலையும் தரையில ஊணி பின்னால தள்ளுவ. அவனால அது ஆவுமா? அதனால அவன் வர்றப்பவே கணக்குப் போட்டு, முன்னால தொறப்பு வுட்டு, ஓரமா நிறுத்துவான். நேரா எடுத்துகினு போயிடலாம்னு. உடனே நம்ம ரெண்டு நிமிஷ ராசா அந்தத் தொறப்புல கரெக்டா தன் பைக்கைக் கொண்டாந்து குறுக்க நிறுத்தி, ஹேண்டில் லாக் வேற போட்டுட்டுப் போவான். அகல வண்டி, ரெண்டு பக்கமும் இடுக்குல மாட்டிகினு நிக்கும். பையன் ஆரன் அடிப்பான். கடைக்காரரு எட்டிப் பாத்து "யாருது வண்டி?"ன்னு கத்துவாரு. யாருதும் இல்ல! பஜாருல நிக்கற பைக்குக்கு எப்பவும் ஓனரே கெடையாதே.

அந்தப் பக்கம் ஒரு பேங்கு இருக்கு. பேரு வேணாம். வாசப்படிக்குப் பக்கத்துல சாய்தளம் கட்டியிருக்காங்க. ஒரு அடி ஏறணும்னா பன்னெண்டு அடி நீளம் வேணும்னு விதி. இதுல ஏறிக் காட்டணும்னா பழநி மலைக்கு வேண்டிகினு வரணும். அதுவும் கெடக்கட்டும். அந்தச் சாய்தளத்து மேல ஒரு பைக்கு நிக்காத நாளை நான் பாத்ததில்ல.

எடத்தை மறிக்கறது ஒரு ரகம். வாயால மறிக்கறது இன்னொரு ரகம். "உனக்கெல்லாம் எவன்யா லைசென்ஸ் குடுத்தான்?" எவன் குடுத்தான்? உனக்குக் குடுத்த அதே ஆபீசுதான் குடுத்துது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துலயே மாத்தியமைச்ச வண்டி, அதை ஓட்டறவருன்னு எழுதி வச்சிருக்கான். நீ எட்டு போட்ட லட்சணத்தை உங்கப்பன்கிட்ட கேட்டா சொல்லுவான். இன்னொண்ணும் கேட்டுக்க. 2016ல வந்த மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டத்துல 92ன்னு ஒரு பிரிவு இருக்கு. நாலு பேரு பாக்கற எடத்துல அவங்களை வேணும்னே அவமானப்படுத்துனா 6 மாசத்துலேர்ந்து 5 வருஷம் வரைக்கும் உள்ள போவணும். அபராதம் தனி. வாயை அடக்குனா ஜாமீன் செலவு மிச்சம்.

மூணாவது ரகம் நல்லவங்க. அவங்களைப் பாத்தாதான் எனக்கு ரொம்ப பயம். மாற்றுத்திறனாளிக்குப் பாடுபடறேன்னு வாசல்ல நின்னு ஒவ்வொருத்தரு காலையும் உத்துப் பாப்பாங்க. ஒருத்தரு கட்டத்துல வண்டிய வுட்டுட்டு எறங்கி நடந்து வந்தா போச்சு. "நல்லாத்தான நடக்கறீங்க, வெக்கமா இல்ல?" பேண்ட்டுக்குள்ள செயற்கைக் கால் இருக்கறது இந்த நல்லவங்களுக்கு எப்படித் தெரியும்? இன்னும் பத்தடி நடந்தா மூட்டு எரியும்னு எப்படித் தெரியும்? 1995 சட்டத்துல 7 வகைக் குறைபாடு எழுதியிருந்தான். 2016 சட்டத்துல அதை 21 ஆக்குனான். தசைச் சிதைவு இருக்கு, பார்க்கின்சன் இருக்கு, ஹீமோபிலியா, தலசீமியா இருக்கு. எல்லாம் நெத்தியில எழுதி ஒட்டிகினா வருது? இங்கிலாந்துக்காரன் இதுக்குன்னு நீல அட்டை குடுக்கறான். அவனே கண்ணுக்குத் தெரியாத குறை உள்ளவங்களுக்கு 2019லதான் அதை விரிச்சான். நீ டீக்கடையில நின்னுகினு ஒரு பார்வையில சர்ட்டிபிகேட் குடுக்கற. பெரிய சிவில் சர்ஜன்!

நாலாவது ரகம் வீடியோ புடிக்கறவன். ஒரு பொண்ணு சைடு வீல் வண்டியில கத்திரிக்கா வாங்க வந்திருப்பா. இவன் பின்னாலேர்ந்து படம் புடிச்சு, சோகமா வயலின் போட்டு, "தன்னம்பிக்கைச் சிகரம்"னு போடுவான். ஏண்டா, கத்திரிக்கா வாங்கறதுல இன்னாடா சிகரம்? அவளைச் சிகரம்னு கும்புடறவன் தன் பைக்கை எங்க நிறுத்தியிருக்கான் பாரு. அவ வண்டிக்கு முன்னாடி.

பட்டிக்காட்டான்தான் இப்படின்னு நெனைக்காத. படிச்சவன், பணக்காரன், வெள்ளக்காரன் எல்லாரும் இதுல ஒரே சாதி. ஆப்பிள் கம்பெனி ஸ்டீவ் ஜாப்ஸ் இருந்தாரே, உலகத்துக்கே போன் பண்ணிக் குடுத்தவரு. நம்பர் பிளேட்டு இல்லாத மெர்சிடிஸை ஆபீஸ் வாசல் ஊனமுற்றோர் கட்டத்துல நிறுத்தறது அவரு வழக்கம். அவரு கதையை எழுதுனவங்களே எழுதி வச்சிருக்காங்க. அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்துல 1999ல ஒரு கேசு. ஊனமுற்றோர் பார்க்கிங் அட்டையை ஏமாத்தி வாங்குனதா ஒரு டஜனுக்கு மேல ஆளுங்க மாட்டுனாங்க. யாருன்ற? காலேஜ் டீமுல அமெரிக்கக் கால்பந்து ஆடுற பயில்வானுங்க! ஓடறதுதான் அவனுங்க தொழிலு.

அந்த நீலப் படத்துக்கே ஒரு கதை இருக்கு. 1968ல டென்மார்க்குப் பொண்ணு ஒண்ணு வரைஞ்சுது. பேரு சுசான் கோஃபோட். படிச்சுகினு இருந்த புள்ள. வரைஞ்சப்ப நாற்காலிக்குத் தலையே கெடையாது. பொறவாலதான் மேல ஒரு வட்டத்தை வச்சு மனுசன் ஆக்குனாங்க. படத்துக்குத் தலை வச்சாச்சு. அது மேல காரை ஏத்தறவனுக்கு எப்ப வைக்கப் போறாங்களோ.

சர்க்காரு சும்மா இல்ல, அதையும் சொல்லணும். மெரினாவுல சக்கர நாற்காலி அலைகிட்ட போவ 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டு 2022 நவம்பர் 27ல தொறந்தாங்க. 1 கோடியே 14 லட்சம் செலவு. டிசம்பர்ல மாண்டஸ் புயல் வந்துது. நம்ம மகாபலிபுரம் பக்கம்தான் கரை ஏறுச்சு. ஒரு பக்கத்தைப் பிச்சுப் போட்டுது. அப்பால சரி பண்ணாங்க. ஆனாலும் புயலு பெரிய மனுசன்தான். தொறந்து ரெண்டு வாரம் பொறுத்துது. நம்ம ஆளு பெயிண்ட் காயற வரைக்கும் பொறுக்க மாட்டான்.

கோர்ட்டும் சும்மா இல்ல. ராஜீவ் ரத்தூரின்னு கண் பார்வை இல்லாத ஒருத்தரு போட்ட கேசு. 2017ல ஒரு தீர்ப்பு வந்துது. ஒண்ணும் நடக்கல. 2024 நவம்பர் 8ல உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்லுச்சு: கட்டடத்துல, ரோட்டுல வசதி செய்யணும்னு நீங்க எழுதி வச்ச விதி வெறும் யோசனையா இருக்கு, அது செல்லாது, கட்டாயம்னு மாத்தி மூணு மாசத்துல எழுதுங்க. பின்ன இன்னா? "செஞ்சா நல்லது, வந்தா சந்தோசம்"னு எழுதுனா அது சட்டமா, கல்யாணப் பத்திரிகையா?

நீ சனிக்கெழமை ஆனா முட்டுக்காடு வழியாத்தான வர்ற? அங்க படகுத் துறை தெரியும் உனக்கு, போட்டோ எடுத்திருப்ப. அதே முட்டுக்காட்டுல பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்குன்னு மத்திய சர்க்காரு நடத்தற தேசிய நிறுவனம் 2005லேர்ந்து இருக்கு. எங்கெங்கேர்ந்தோ தாய் தகப்பன் புள்ளைய இட்டுகினு இந்த ரோட்டுலதான் வர்றாங்க. அவங்களுக்கும் பசிக்கும். அவங்களும் வழியில ஓட்டல்ல நிறுத்துவாங்க. கட்டம் காலியா இருந்தா புள்ளைய நாற்காலியில வச்சு எறக்குவாங்க. நீ அங்க நின்னுகினு இருந்தா, சண்டை போடத் தெம்பு இல்லாம அடுத்த ஓட்டலைத் தேடிப் போயிடுவாங்க. "காலியாத்தான தாத்தா கெடந்துது, எவனும் வரலியே"ன்னு நீ என்கிட்ட நியாயம் பேசுவ. வந்தாங்கடா. நீ பாக்கல.

அதனால பெருசா ஒண்ணும் கேக்கல உன்னை. தொண்டு செய்ய வேணாம், பாவம்னு சொல்ல வேணாம். பஜாருல சைடு வீல் ஸ்கூட்டரு நின்னா, அதுக்கு முன்னால வண்டிய வுடாத. அதால பின்னால வர முடியாது.