மேலவைக்கு என்ன வேலை?

கேள்வி: சட்டப்பேரவைதான் இருக்கிறதே, அந்தக் காலத்து மேலவையில் உட்கார்ந்து என்னதான் செய்தார்கள்? (ஒரு வாசகர், ராசிபுரம்)

பதில்: பேரவை அவசரத்தில் நிறைவேற்றியதை நிதானமாக வாசித்தார்கள். அதுவே பெரிய வேலை! கேள்வி நேரம் முடிந்ததும் மசோதாவைப் பிரித்துப் போட்டு, ஷரத்து ஷரத்தாகத் திருத்தம் சொல்வார்கள். பிடிக்காத மசோதாவை 3 மாதம் நிறுத்தி வைக்கலாம். பேரவை மறுபடி அனுப்பினால் இன்னும் 1 மாதம். நிதி மசோதாவுக்கோ 14 நாள்தான். கடைசிச் சொல் எப்போதும் பேரவைக்கே.

உங்கள் பக்கத்து ஆட்களுக்கும் அங்கே இடமிருந்தது. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் மேலவை உறுப்பினர். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, 1952-இல் தேர்தலில் நிற்காமலே நியமன உறுப்பினராகி முதலமைச்சரானார். அன்று எழுந்த கண்டனம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். கவிஞரை நியமிக்கலாம், முதல்வரை மக்கள்தான் அனுப்ப வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது வாத்தியார் கணக்கு. ஆத்தூரில் பட்டம் பெற்ற ஓர் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் பேரவைக்கு ஓர் ஓட்டு, பட்டதாரி தொகுதிக்கு ஒன்று, ஆசிரியர் தொகுதிக்கு ஒன்று என மூன்று ஓட்டுப் போடலாம். பக்கத்து வீட்டு நெசவாளிக்கு ஒன்றே ஒன்று. படிப்புக்கு மரியாதை வேண்டியதுதான், ஆனால் அதை ஓட்டுப்பெட்டியில் காட்டியிருக்க வேண்டாம். 1986 நவம்பர் 1-இல் மேலவை கலைந்தது. வாத்தியாரும் நெசவாளியும் அன்றுதான் சமமானார்கள்.